பழைய மென்டரிடம் வேலை விஷயமாக எழுதினோம், பதில் இல்லை: எங்கே தடங்கல், எப்படிச் சரிசெய்வது

பழைய மென்டருக்கு, அதாவது முன்பு வேலையில் நமக்கு வழிகாட்டியவருக்கு, வேலை விஷயமாக எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "மறுபடி எழுதினா தப்பா நினைப்பாரா?" நினைக்க மாட்டார், எழுதுங்கள். ஆனால் எழுதும் முன் எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மெயில் கைக்கே வராதவருக்கும், படித்துவிட்டு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் விட்டவருக்கும் ஒரே நினைவூட்டலை அனுப்பிப் பயனில்லை.

கேட்டவனாகவும் இருந்திருக்கிறேன், கேட்கப்பட்டவனாகவும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் நிலைமை எந்தத் தலைப்பில் வருகிறதோ நேராக அங்கே போய்விடுங்கள்.

அறிகுறி: அனுப்பி ஒரு வாரம் ஆயிற்று, எந்தச் சத்தமும் இல்லை

செய்தி போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். இதைச் சோதிக்காமலே "அவருக்கு நம்மள மறந்துபோச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

மெயில் என்றால், உங்கள் இன்பாக்ஸிலும் ஸ்பாமிலும் 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' என்ற பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள். அதில் 550 என்ற எண்ணும் அப்படி ஒரு முகவரி இல்லை என்ற வாசகமும் இருந்தால் விஷயம் முடிந்தது, மெயில் போகவே இல்லை. பழைய மென்டர் விஷயத்தில் இது சகஜம். நம்மிடம் இருப்பது சேர்ந்து வேலை பார்த்த காலத்து அலுவலக முகவரி. அவர் அங்கிருந்து கிளம்பியதும் அதை மூடியிருப்பார்கள். சில இடங்களில் மூடாமல் அந்த வேலைக்கு வந்த அடுத்த ஆளுக்குத் திருப்பிவிடுவார்கள். அப்போது திரும்பியும் வராது, பதிலும் வராது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று லிங்க்ட்இனில் ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீரும்.

ஸ்பாமில் மாட்டியிருக்கலாம் என்று தோன்றினால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். ஜிமெயிலில் ஸ்பாமுக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். மாதம் தாண்டிவிட்டால் "ஸ்பாம்ல பாருங்க" என்று சொல்லாதீர்கள், மெயிலையே திரும்ப அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் இரண்டு சாம்பல் டிக் என்றால் செய்தி அவர் போனுக்குப் போய்விட்டது என்று மட்டுமே பொருள். நீலமாக மாறவில்லை என்பதால் அவர் படிக்கவில்லை என்று ஆகாது. ரீட் ரிசீப்ட்ஸை (படித்ததை நீல டிக்கால் காட்டும் வசதியை) அணைத்து வைத்திருப்பவர் பத்து முறை படித்தாலும் அது சாம்பலாகவேதான் இருக்கும். லிங்க்ட்இன் செய்தியா? வேலை தேடாத மனிதர்களில் பலர் அதை மாதத்துக்கு ஒருமுறைதான் திறக்கிறார்கள்.

இங்கே சரிசெய்யும் வழி, வேறொரு பாதையில் ஒரே ஒரு சின்னக் கேள்வி:

"சார், போன செவ்வாய்க்கிழமை உங்கள் பழைய முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். அந்த முகவரி இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எதற்கு அனுப்பட்டும்?"

"பார்த்தீங்களா?" என்ற வார்த்தையே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் அவர் சங்கடப்படாமல் பதில் எழுத முடியும்.

எத்தனை நாள் பொறுப்பது? மெயிலுக்கு ஏழு முதல் பத்து வேலை நாள் என்பது என் அளவு. விண்ணப்பிக்கக் கடைசி நாள் அதற்குள் வருகிறது என்றால் பொறுக்க வேண்டாம். தேதியைச் சொல்லி மூன்றாம் நாளே எழுதலாம், அதில் எந்தத் தவறும் இல்லை.

அறிகுறி: படித்துவிட்டார் என்று தெரியும், ஆனாலும் பதில் எழுதவில்லை

இதில்தான் மனசு அதிகம் நோகும். சரிசெய்வதும் இதில்தான் சுலபம்.

சில வருடங்களுக்கு முன் என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அண்ணா, எப்படி இருக்கீங்க? வேலை மாறலாம்னு இருக்கேன். உங்க பக்கம் ஏதாவது இருந்தா சொல்லுங்க." நல்ல பையன், உதவ வேண்டும் என்று உண்மையாகவே ஆசை. இரண்டு மீட்டிங்குக்கு நடுவே போனில் படித்தேன், நட்சத்திரம் போட்டு வைத்தேன். சாயங்காலம் மறுபடி திறந்தேன். என்ன எழுதுவது? இப்போது என்ன வேலையில் இருக்கிறார், எத்தனை வருட அனுபவம், ஊர் மாறத் தயாரா, எங்கள் நிறுவனத்திலேயே வேண்டுமா, வெளியேயும் பரவாயில்லையா? நான் ஐந்து கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம்தான் நான் யோசிக்கவே ஆரம்பிக்க முடியும். "நாளைக்கு நிதானமா எழுதலாம்" என்று மூடினேன். அந்த நாளை வரவில்லை. இன்பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் மஞ்சள் நட்சத்திரம் கண்ணில் படும், நெஞ்சில் ஒரு முள் குத்தும், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் அவரே மறுபடி எழுதினார். "அண்ணா, உங்க கம்பெனியில டேட்டா என்ஜினியர் வேலை ஒண்ணு போட்டிருக்காங்க, லிங்க் கீழே இருக்கு. கடைசி மூணு வருஷமா இதே வேலைதான் செய்றேன். நான் இதுக்குப் பொருந்துவேன்னு உங்களுக்குத் தோணினா ரெஃபர் பண்ண முடியுமா? வர்ற வெள்ளிக்கிழமை கடைசி நாள்." பத்து நிமிடத்தில் பதில் எழுதி, அன்றைக்கே ரெஃபரும் செய்துவிட்டேன், அதாவது நிறுவனத்துக்குள் அவர் பெயரைப் பரிந்துரைத்தேன். அதே ஆள், அவர் மேல் எனக்கு அதே பிரியம். முதல் மெயில் எனக்கு ஒரு பெரிய வேலையைத் தந்தது. இரண்டாவதற்கு ஆமாம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.

ஆகவே நினைவூட்டல் என்றால் பழைய கேள்வியையே இன்னொரு முறை கேட்பதில்லை. கேள்வியைச் சின்னதாக்கித் திருப்பித் தர வேண்டும். எந்த வேலை, அதன் எண் அல்லது லிங்க், ஏன் பொருந்துகிறீர்கள் என்று இரண்டு வரி, அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள். பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள், அப்போதுதான் முன்கதை கீழே இருக்கும். ஆனால் "கீழே பார்க்கவும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கீழே போய்ப் படிக்கும் வேலையை அவருக்கு வைக்காமல், தேவையானதை மேலேயே திரும்ப எழுதுங்கள்.

"மேடம், போன மெயிலில் நான் கேட்டது தெளிவாக இல்லை என்று இப்போது படிக்கும்போது தெரிகிறது. கேட்க நினைத்தது இதுதான்: உங்கள் நிறுவனம் அறிவித்திருக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் மூத்த பொறியாளர் வேலைக்கு (லிங்க் கீழே) நான் விண்ணப்பிக்கலாமா? உங்களோடு இருந்தபோது செய்த சோதனை வேலைகளைத்தான் இப்போது நான்கு பேர் குழுவை வைத்து நடத்துகிறேன். பொருந்தும் என்று நினைத்தால் அந்தக் குழுவில் யாரிடம் பேசலாம் என்று ஒரு பெயர் சொன்னால் போதும். இந்த நேரத்தில் தோதுப்படாது என்றால் அதையும் சொல்லுங்கள், புரிந்துகொள்வேன்."

கடைசி வரி ஒருமுறை வந்தால் மரியாதை. அதையே மூன்று இடத்தில் எழுதினால், மறுத்தால் இவர் உடைந்துபோவாரோ என்று எதிராளிக்குப் பயம் வந்துவிடும். பயந்தவர் பதிலே எழுத மாட்டார்.

அறிகுறி: "பார்க்கிறேன்பா" என்றார், அதோடு சரி

பலர் இங்கேதான் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது. அவர் ஆள் எடுக்கும் மேலாளரிடம் பேசியிருப்பார், மேலாளர் மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருப்பார். அல்லது அந்த இடத்தையே இந்தக் காலாண்டுக்கு நிறுத்தி வைத்திருப்பார்கள். அல்லது உள்ளேயே ஒருவரை மனதில் வைத்திருப்பார்கள், அதை வெளியே சொல்ல முடியாது. இவை எதிலும் உங்களிடம் சொல்ல அவரிடம் செய்தி இல்லை. சொல்லச் செய்தி இல்லாதபோது "செய்தி இல்லை" என்று எழுத வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றியதில்லை, ஒருவர் நேரில் கேட்கும்வரை.

இதற்கான நல்ல மருந்தை அவர் "பார்க்கிறேன்" என்று சொல்லும் அந்த நிமிடத்திலேயே கொடுத்துவிட வேண்டும். "ரொம்ப நன்றி சார். ரெண்டு வாரம் கழிச்சு நானே ஒரு வரி எழுதிக் கேட்டுக்கட்டுமா?" சரி என்பார். இனி நீங்கள் எழுதுவது தொந்தரவு ஆகாது, பேசிக்கொண்டபடி நடப்பது. அவருக்கும் ஒரு நிம்மதி: தான் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, நீங்கள் வைத்திருக்கிறீர்கள். தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மெயிலை இன்றே எழுதி அந்தத் தேதிக்கு ஷெட்யூல் செய்யவும் ஜிமெயிலில் வசதி இருக்கிறது, ஆனால் அனுப்பும் நாள் காலையில் ஒருமுறை திறந்து படித்துவிடுங்கள். இடையில் அந்த வேலை அறிவிப்பையே எடுத்திருந்தால் உங்கள் மெயில் அபத்தமாக நிற்கும்.

அந்த நிமிடம் கடந்துவிட்டது என்றால் இரண்டு வாரம் விட்டு எழுதுங்கள். கையில் புதிதாக ஒன்றை வைத்துக்கொண்டு எழுதினால் நல்லது. அவர் சொன்ன ஆளிடம் பேசியது, அவர் பரிந்துரைத்த பயிற்சியை முடித்தது, வேறு ஒரு இடத்தில் இன்டர்வியூ தேதி வந்தது என்று உண்மையாக நடந்தது எதுவானாலும் சரி. இல்லாத இன்னொரு வாய்ப்பை இருப்பதாகச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஒரே துறையில் இருப்பவர்களுக்குள் பேச்சு எப்படியும் போய்ச் சேரும்.

"சார், போன மாதம் பேசிய வேலை பற்றி ஏதாவது நகர்வு உண்டா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இன்னும் முடிவாகவில்லை என்றால் 'இல்லை' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், அடுத்த மாதம் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன கிளவுட் சான்றிதழ் தேர்வைப் போன வாரம் முடித்துவிட்டேன்."

இதற்கும் பதில் இல்லையென்றால் மூன்று அல்லது நான்கு வாரம் விட்டு இன்னொன்று. மூன்றாவதோடு இந்த வேலையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிடுங்கள். வேலையைப் பற்றித்தான் சொல்கிறேன், அவரோடு பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை.

அறிகுறி: ரெஸ்யூமே கேட்டார், உடனே அனுப்பினேன், அப்புறம் அமைதி

மூன்று இடத்தைச் சோதியுங்கள்.

கூகுள் டிரைவ் லிங்க்காக அனுப்பினீர்களா? நீங்கள் மாற்றாதவரை அது மற்றவர்களுக்குத் திறக்காது, அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும். அவர் அனுமதி கேட்டிருந்தால் உங்கள் மெயிலில் அந்தக் கோரிக்கை எங்கோ கிடக்கும். அவர் அதை ஹெச்.ஆருக்கு அனுப்பி, ஹெச்.ஆர். திறக்க முடியாமல் விட்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே வராது. பேசாமல் பி.டி.எஃப். இணைப்பாக அனுப்பிவிடுங்கள். கோப்பின் பெயரில் உங்கள் முழுப்பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். 'ரெஸ்யூமே ஃபைனல் 3' என்ற பெயரில் வந்த கோப்பை ஒரு வாரம் கழித்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தேடியவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அடுத்தது, வேலை எண் கொடுத்தீர்களா? பெரிய நிறுவனங்களில் ஒரே பெயரில் பத்து வேலைகள் திறந்திருக்கும். எண் இல்லாமல் ரெஃபரல் படிவத்தை நிரப்ப முடியாமல் அவர் பாதியில் விட்டிருக்கலாம்.

மூன்றாவதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. அவசரத்தில் நீங்களே இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டீர்களா? பல நிறுவனங்களில் ரெஃபரல் முதலில் பதிவாக வேண்டும். விண்ணப்பம் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அந்த அமைப்பு ரெஃபரலை ஏற்காது. மென்டர் முயன்று பார்த்து, முடியாமல், அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கலாம். விண்ணப்பித்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லிவிட்டு, ரெஃபரலுக்குப் பதிலாக ஆள் எடுக்கும் மேலாளருக்கு ஒரு வரி எழுத முடியுமா என்று கேளுங்கள். பல நேரம் படிவத்தைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

அறிகுறி: பேசி நாலைந்து வருஷம் ஆகிறது, கேட்கவே கூச்சமாக இருக்கிறது

மெயில் டிராஃப்டிலேயே கிடக்கிறது, அதுதான் இங்கே கோளாறு. அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். வாரம் இரண்டு முறையாவது பார்ப்பவர் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் என்றவர்கள் 27.8 சதவீதம். பழைய கல்லூரி நண்பர், பழைய சக ஊழியர், பழைய முதலாளி போன்றவர்களே பல பேருக்கு உதவியிருக்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். 2011-ல் லெவின், வால்டர், மர்னிகன் என்ற மூன்று ஆய்வாளர்கள் நிர்வாகிகளிடம் மூன்று வருடமாவது தொடர்பு விட்டுப்போன பழைய ஆட்களை ஒரு வேலை விஷயமாக அணுகிப் பார்க்கச் சொன்னார்கள். தினமும் பேசுபவர்கள் தந்ததற்குக் குறையாத பயன் அந்தப் பழைய ஆட்களிடமிருந்து கிடைத்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. நம்மோடு தினமும் இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். விலகிப் போனவர் வேறு மனிதர்களை, வேறு அலுவலகங்களைப் பார்த்திருக்கிறார்.

எழுதும்போது இடைவெளியை முதல் வரியிலேயே ஒத்துக்கொள்ளுங்கள், ஒரே வரியில். "நாலு வருஷமாகத் தொடர்பில் இல்லாதது என் தவறுதான்" என்றால் போதும். அதற்கே ஒரு பத்தி ஒதுக்கினால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த உட்கார வேண்டியிருக்கும். அடுத்து, அவரிடம் கற்ற ஏதாவது ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "உங்களால்தான் இன்று நான்" என்பது எல்லோரும் எழுதுவது. "வாடிக்கையாளர் கோபமாகப் பேசும்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டே இரு என்று சொன்னீர்கள், இப்போது என் குழுவுக்கும் அதைத்தான் சொல்கிறேன்" என்று எழுதினால் அவருக்கு அந்த அறையே கண்முன் வரும்.

அப்புறம் விஷயத்துக்கு வந்துவிடுங்கள். முதல் மெயிலில் நலம் விசாரித்துவிட்டு, அவர் மகிழ்ந்து பதில் எழுதியதும் இரண்டாவதில் வேலையை எடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதல் மெயிலின் அன்பும் பொய்யாகத் தெரிந்துவிடும். ஒரே மெயிலில் அன்பும் இருக்கலாம், கேள்வியும் இருக்கலாம்.

அறிகுறி: அதிகமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பதில் சுருக்கென்று வந்தது

வாட்ஸ்அப், மெயில், லிங்க்ட்இன் மூன்றிலும் ஒரே வாரத்தில் எழுதியிருந்தால் இது நடக்கும். நீண்ட விளக்கம் வேண்டாம். "ஆர்வத்தில் அதிகமாகக் கேட்டுவிட்டேன் சார், மன்னிக்கவும். இனி மெயிலில் மட்டும், நீங்கள் சொன்ன பிறகு எழுதுகிறேன்." பிறகு சொன்னபடியே இருங்கள். ஒரு மாதமாவது விடுங்கள்.

அறிகுறி: ரெஃபர் செய்தார், இன்டர்வியூவும் முடிந்தது, முடிவு மட்டும் வரவில்லை

இப்போது கேட்க வேண்டிய இடம் மாறிவிட்டது. ஹெச்.ஆரிடம் கேளுங்கள். மென்டரை முடிவு சொல்லும் ஆளாக்கினால், அவர் தன் பெயரைப் பயன்படுத்தி உள்ளே நெருக்க வேண்டிய நிலை வரும். அவருக்கு எழுத வேண்டியது தகவல் மட்டுமே: இன்டர்வியூ நடந்தது, இன்னாரைப் பார்த்தேன், இப்படிப் போயிற்று, நன்றி. இன்டர்வியூ நடந்த அன்றே எழுதிவிடுங்கள். அலுவலகத்தில் யாராவது "நீங்க அனுப்பின ஆள் எப்படி?" என்று கேட்கும்போது அவர் விவரம் தெரியாமல் விழிக்கக் கூடாது. நீங்கள் இரண்டு முறை கேட்டும் ஹெச்.ஆர். மூன்று வாரமாக வாய் திறக்கவில்லை என்றால் மட்டும், "இது வழக்கமான தாமதம்தானா?" என்று மென்டரிடம் ஒருமுறை கேட்கலாம்.

அறிகுறி: முடியாது என்று சொல்லிவிட்டார்

இதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. அன்றே நன்றி சொல்லுங்கள். காரணம் கேட்க வேண்டாம், "எதை வளர்த்துக்கொண்டால் அடுத்த முறை பொருந்துவேன்?" என்று வேண்டுமானால் கேட்கலாம், அதுவும் ஒரு வாரம் போகட்டும்.

அறிகுறி: வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது, இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போடுகிறேன்

இதைத் தள்ளிப்போட்டு நான் ஒரு நல்ல உறவைக் கிட்டத்தட்ட இழந்திருக்கிறேன். எனக்காக இரண்டு பேரிடம் பேசிவைத்த ஒருவருக்கு, நான் வேறு இடத்தில் சேர்ந்துவிட்ட செய்தி அந்த இரண்டு பேரில் ஒருவர் மூலம்தான் போயிற்று. அவர் கோபப்படவில்லை. "சொல்லியிருக்கலாமேப்பா" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆஃபர் கையெழுத்தான அன்றே எழுதுங்கள். அவர் நிறுவனத்தில் உங்கள் விண்ணப்பம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் மென்டருக்கு, அப்புறம் ஹெச்.ஆருக்கு, அதுவும் அதே நாளில். விலகும் செய்தி அவருக்கு ஹெச்.ஆர். மூலம் போகக் கூடாது.

"சார், வேறு ஒரு நிறுவனத்தில் இன்று ஆஃபர் கையெழுத்திட்டேன், அடுத்த மாதம் முதல் தேதி சேர்கிறேன். எனக்காக உங்கள் மேலாளரிடம் பேசியதற்கு மனமார்ந்த நன்றி. இன்று மாலை உங்கள் ஹெச்.ஆருக்கு எழுதி என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் மேலாளரிடம் நான் நேரடியாக நன்றி சொல்லலாமா, அல்லது நீங்களே சொல்லிவிடுவது நல்லதா?"